கிணற்றடியில் விழாத முழங்கால்

பத்துப் போட மூலிகை அரைப்பது, முறிவுக்குப் பட்டை வைத்துக் கட்டுவது, எண்ணெய் காய்ச்சுவது பற்றி நான் எழுதப்போவதில்லை. அதெல்லாம் கை பழகினால் வரும். இந்த வேலைக்கு இப்போது வந்திருக்கும் பிள்ளைகள் என்னிடம் கேட்டது வேறு. கையை வைக்க முதல் என்ன செய்யவேணும் என்று கேட்டீர்கள். என்னிடம் ஒரு பதில்தான் இருக்கிறது. எப்படி நடந்தது என்று கேட்கவேணும். கேட்டால் சொல்லுவார்கள் என்று நினைக்கக்கூடாது.

நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவள். கலியாணம் கட்டி வந்த வீடு முறிவு நெரிவு பார்க்கிற வீடு. மாமனார் பார்த்தார். அவருக்குப் பிறகு என் மனுசன் பார்த்தார். பெண்பிள்ளைகள் வந்தால்தான் சிக்கல். முழங்காலையோ தோள்மூட்டையோ ஆம்பிளை தொடுவதை வீட்டுக்காரர் விரும்பமாட்டார்கள். சீலையால் மூடிவிட்டு அதற்கு மேலால் தடவிப் பார்க்கவேணும். சீலைக்கு மேலால் வீக்கம் தெரியும். வேறு ஒன்றும் தெரியாது. அதனால் என்னை உள்ளே விட்டார்கள். மனுசன் திரைக்கு வெளியே நின்று கேட்பார். நான் தொட்டுப் பார்த்துச் சொல்லுவேன். கொஞ்சக் காலம் போக அவர் கேட்பதை விட்டுவிட்டார். அப்படித்தான் நான் இந்த வேலைக்கு வந்தேன்.

விளையாடி அடிபட்ட பெடியள் தனியே வருவதில்லை. கழகமே வரும். கரப்பந்து விளையாடுகிறவர்களுக்கு விரல் மூட்டு அடிக்கடி விலகும். படலை திறக்கிற சத்தம் கேட்டதும் என் மனுசன் கேட்கிற முதல் கேள்வி, "எத்தினை பேர் இழுத்தது?"

பெடியள் ஆளை ஆள் பார்ப்பார்கள்.

"நான் ஒருக்கா இழுத்தனான் அண்ணை."

"நடுவரும் இழுத்தவர்."

"வாற வழியிலை சோடா குடிக்க நிண்டனாங்கள். கடைக்காரரும் இழுத்தவர்."

"அவர் ஏன் இழுத்தவர்?"

"அவருக்கும் தெரியுமாம்."

விலகின விரலை விட, இழுத்த விரல்தான் கரைச்சல். ஆனால் ஒன்று, பெடியள் உள்ளதைச் சொல்லிவிடுவார்கள். விளையாடி விழுந்தது அவர்களுக்குப் பெருமை. ஆர் தட்டினது, எந்தப் பக்கம் திரும்பினது, எத்தினையாவது புள்ளி என்று எல்லாம் வரும். பெண்பிள்ளைகள் அப்படியில்லை. ஒரு முழங்காலைப் பற்றிச் சொல்கிறேன்.

எழுபதுகளின் தொடக்கம். மிளகாயும் வெங்காயமும் நல்ல விலைபோன காலம். அச்சுவேலிப் பக்கத்துத் தோட்டக்காரர் ஒருவர் வாடகைக் காரில் குடும்பத்தோடு வந்தார். திங்கட்கிழமை காலமை. அவர் பெரிய உடம்பு, பெரிய குரல். பின் சீற்றில் தாயும் மகளும். மகள் பவானிக்குப் பதினேழு வயதிருக்கும். பெரிய வகுப்பில் படிக்கிற பிள்ளை. வலது முழங்காலை மடித்தபடி இறங்கினாள். காலை நிலத்தில் வைக்கவில்லை. தாயும் நானும் இரண்டு பக்கமும் பிடித்து உள்ளே கொண்டுபோனோம். தகப்பன் திரைக்கு அங்கால் வாங்குப் பலகையில் இருந்தார். என் மனுசன் அவருக்குப் பக்கத்தில் இருந்தார்.

பாவாடையை முழங்காலுக்கு மேலே சுருட்டினேன். முழங்காலைச் சுற்றி நல்ல வீக்கம். தோலில் கீறல் இல்லை.

"எப்பிடிப் பிள்ளை நடந்தது?"

தாய் சொன்னா, "கிணத்தடியிலை. சனிக்கிழமை பின்னேரம் குளிக்கப் போனவள். பாசி. வழுக்கிப்போட்டுது."

"எந்தக் கால் வழுக்கினது?"

"இந்தக் கால்தான்," என்றா தாய்.

"முன்னுக்கு விழுந்ததோ, பின்னுக்கோ?"

"ஒரு பக்கமா விழுந்தவள்."

"அம்மா, விழுந்தது நீங்களோ, பிள்ளையோ?"

தாய் வாயை மூடினா. பவானி முகட்டைப் பார்த்தபடி, "எனக்கு ஞாபகமில்லை அக்கா," என்றாள்.

இதைக் கவனியுங்கள். மூட்டு போன நிமிசத்தை ஒருவரும் மறப்பதில்லை. கிழமை மறக்கும், ஆண்டு மறக்கும். எந்தக் கால் நிலத்தில் இருந்தது, உள்ளே என்ன சத்தம் கேட்டது, ஆர் முன்னால் நின்றது என்பது மறக்காது. நாற்பது வருடத்துக்கு முந்தி கிளித்தட்டு விளையாடிக் கால் பிரண்ட கிழவர்கள் எழும்பி நின்று காட்டுவார்கள். ஞாபகமில்லை என்று ஒரு பிள்ளை சொன்னால், அந்தப் பிள்ளை எதையோ பொத்தி வைத்திருக்கிறது.

நான் முழங்காலைப் பார்த்தேன்.

நிமிராத முழங்கால் இரண்டு வகை. ஒன்று நோவுக்குப் பயந்து நிமிராதது. அதைப் பிடித்துக்கொண்டு வேறு கதை கதைத்தால் தன்பாட்டில் இளகும். மற்றது இளகாது. கதவு இடுக்கில் சிரட்டைத் துண்டு மாட்டினது போல ஓர் இடத்தில் வந்து நிற்கும். மெல்ல அழுத்தினால் திரும்பித் துள்ளும். நான் பவானியிடம் அவளுடைய பள்ளிக்கூடத்தைப் பற்றிக் கேட்டுக்கொண்டே நிமிர்த்திப் பார்த்தேன். துள்ளியது.

துள்ளுகிற முழங்காலைப் பந்தடிக்கிற பெடியளிடம் கண்டிருக்கிறேன். காலை ஊன்றினபடி உடம்பு திரும்பினால் அது வரும். கிணற்றடியில் வழுக்கினவர்களிடம் நான் அதைக் கண்டதில்லை. வழுக்குகிற கால் ஊன்றி நிற்காது. வழுக்கிக்கொண்டு போகும்.

இரண்டுக்கும் செய்கிற வேலை வேறு. விழுந்து எலும்பில் பட்டிருந்தால் நிமிர்த்திப் பட்டை வைத்துக் கட்டலாம். திரும்பினதில் உள்ளே ஏதும் மாட்டியிருந்தால் நிமிர்த்தவே கூடாது. இழுத்தால் மாட்டினது கிழியும். பிறகு அந்தக் கால் வாழ்நாள் முழுக்க நடு வழியில் நின்றுவிடும். தெரியாமல் தொடக்கூடாத இடம் அது.

திரைக்கு வெளியே தகப்பன் கதைத்தார். "என்ன தங்கச்சி, மூட்டு விலகிப்போச்சோ? இழுத்து நிமித்தி விடுங்கோவன். வெள்ளிக்கிழமை மாப்பிள்ளைப் பகுதி வருகினம் பிள்ளையைப் பாக்க."

"பாத்துச் சொல்லுறன் அண்ணை."

"பிள்ளை நடந்து வந்து தேத்தண்ணி குடுக்கவேணும். இருந்தபடி குடுத்தால் நொண்டியெண்டு ஊரெல்லாம் கதை போயிடும். கெதியாப் பாருங்கோ."

நான் தாயைப் பார்த்துச் சொன்னேன், "குசினியிலை கேத்தில் கொதிக்குது. அண்ணைக்கும் எங்கடை இவருக்கும் தேத்தண்ணி ஊத்திக் குடுங்கோ. நான் காலைப் பிடிச்சுக்கொண்டு நிக்கிறன், விடேலாது."

தாய்க்குப் போக மனமில்லை. மகளை ஒருமுறை பார்த்தா. பிறகு போனா.

நான் பவானியிடம், "உன்ரை அப்பாவுக்கு நான் ஒண்டும் சொல்லமாட்டன்," என்றேன். "எனக்குக் கொப்பர் தேவையில்லை. எந்தக் கால் நிலத்திலை நிண்டது எண்டு மட்டும் சொல்லு."

வெளியே கோப்பை வைக்கிற சத்தம் கேட்டது.

"வலது கால்," என்றாள். "நெற்போல் விளையாடினனான். மற்றப் பள்ளிக்கூடத்தோடை வலைப்பந்து மச். நான் சென்ரர், நடு ஆள்."

நான் அந்த விளையாட்டைக் கண்டதில்லை. "பந்து காலிலையோ, கையிலையோ?"

"கையிலை. பந்தைப் பிடிச்சால் ஓடக்கூடாது அக்கா. எந்தக் கால் முதல் நிலத்திலை விழுந்ததோ, அந்தக் கால் அப்பிடியே நிக்கவேணும். மற்றக் காலை மட்டும் எடுத்து வைக்கலாம். சுத்தி நிண்டு எறியவேணும்."

"அப்ப கால் நிக்கும், உடம்பு சுத்தும்."

"ஓம். பாய்ஞ்சு பிடிச்சனான். இந்தக் கால் ஊண்டினது. பின்னாலை நிண்ட பிள்ளைக்கு எறியத் திரும்பினனான். உள்ளுக்கை ஏதோ மாறினது. சத்தம் கேட்டது. எல்லாருக்கும் கேட்டிருக்கும் எண்டு நினைச்சன், ஒருதருக்கும் கேக்கேல்லை."

"உடனை வீங்கினதோ?"

"இல்லை. அடுத்த நாள் விடிய எழும்பப் பாத்தால் இப்பிடி இருந்தது."

மறந்த பிள்ளையின் கதை இவ்வளவும்.

மிச்சத்தையும் அவளே சொன்னாள். பெரியபிள்ளையான பிறகு விளையாடக்கூடாது என்று தகப்பன் சொல்லியிருந்தார். போன வருடம் ஒருமுறை பிடிபட்டிருக்கிறாள். இனியொருக்கா விளையாடினால் பள்ளிக்கூடம் நிற்பாட்டுவேன் என்று சொன்னாராம். சொன்னால் செய்கிற மனுசன். சனிக்கிழமை ரியூசன் என்று சொல்லிவிட்டுப் போயிருக்கிறாள். இரண்டு பிள்ளைகள் சைக்கிளில் வைத்துத் தள்ளிக்கொண்டு வந்து ஒழுங்கை முகப்பில் விட்டார்களாம். தகப்பன் தோட்டத்தில் நின்றிருக்கிறார். கிணற்றடிக் கதை தாய் கட்டினது.

"சோதினைக்கு இன்னும் கொஞ்ச மாதந்தான் அக்கா. அப்பாவுக்குத் தெரிஞ்சால் படிப்பும் போயிடும்."

"சரி," என்றேன்.

தாய் திரும்பி வந்தா. மகளின் முகத்தைப் பார்த்ததும் அவவுக்கு விளங்கிவிட்டது. எனக்கும் ஒரு தேத்தண்ணி கொண்டுவந்திருந்தா.

இந்த இடத்தில் நான் நின்றுவிட்டேன். உங்களுக்கும் இப்படி ஓர் இடம் வரும். காரணம் சொல்லாமல் இழுக்கமாட்டேன் என்றால் தகப்பன் பிள்ளையைக் காரில் ஏற்றிக்கொண்டு வேறு ஆளிடம் போவார். அங்கே கிணற்றடிக் கதைதான் சொல்லப்படும். அதைக் கேட்டு அந்த ஆள் இழுப்பார். அவரில் பிழை சொல்ல ஏலாது. காரணம் சொன்னால் பிள்ளையின் படிப்பு போகும். எனக்கு யோசிக்க நேரம் தேவைப்பட்டது. அப்படியான நேரத்தில் வீக்கம் நல்ல துணை. வீக்கம் எல்லாருக்கும் கண்ணால் தெரியும்.

திரையை விலக்கிக்கொண்டு போனேன். "அண்ணை, இந்த வீக்கத்தோடை இழுக்கேலாது."

"ஏன் ஏலாது? உங்கடை மாமனார் என்ரை தமையனுக்கு வந்த கையோடை இழுத்து விட்டவர்."

"அது தோள்மூட்டு. இது முழங்கால்."

"எல்லாம் மூட்டுத்தானே." எழும்பினார். "நீங்கள் பொம்பிளையள், பயப்பிடுறியள். ஏலாதெண்டால் சொல்லுங்கோ. அங்காலை ஒருதர் இருக்கிறார், உடனை இழுத்து விடுவார்."

"கொண்டுபோங்கோ," என்றேன். "கார் நிக்குதுதானே. இழுத்தால் வெள்ளிக்கிழமை நடப்பாவோ தெரியாது. பிறகு நடக்கிற நேரமெல்லாம் நொண்டுவா. அப்ப என்னை நினையுங்கோ."

அவர் என் மனுசனைப் பார்த்தார். என் மனுசன் தேத்தண்ணியைக் குடித்து முடித்துக் கோப்பையைக் கீழே வைத்தார். "அவ சொல்லுறதுதான் என்ரை கதையும்," என்றார். அதற்கு மேல் அவர் கதைக்கவில்லை. நல்ல மனுசன்.

தகப்பன் மெல்ல இருந்தார். குரல் இறங்கிவிட்டது. "அப்ப வெள்ளிக்கிழமைக்கு என்ன சொல்லுறது?"

"அம்மாள் போட்டிருக்கெண்டு சொல்லுங்கோ," என்றார் என் மனுசன். "படலையிலை வேப்பங்குழையைச் செருகிவிட்டால் ஒருதரும் கிட்ட வரமாட்டினம்."

திரைக்குப் பின்னால் தாய் பதறினா. "ஐயோ, அம்மாளாச்சியின்ரை பேரிலை பொய்யோ? வேண்டாம்!"

கிணற்றடியின் பேரில் சொன்னது அவவுக்குப் பொய்யாகத் தெரியவில்லை.

காலை மடிந்த கோணத்திலேயே விட்டேன். கீழே தலகணி. உருவுவதில்லை, சூட்டு ஒத்தணம் இல்லை, மருந்துப் புக்கை கட்டுவது இல்லை. ஈரத் துணி மட்டும். நிலத்தில் கால் வைக்கக்கூடாது. புதன்கிழமை வீட்டுக்கு வந்து பார்க்கிறேன் என்றேன். தகப்பனுக்கு அது வைத்தியமாகத் தெரியவில்லை. போகும்போது, "எண்ணெயாவது தாங்கோவன்," என்றார். வெறுங்கையோடு போகச் சங்கடம். கொடுக்கவில்லை. எண்ணெய் வீட்டில் இருந்தால் ஆராவது உருவுவார்கள்.

சில முழங்கால்கள் வீக்கம் வற்றும்போது தானே விடுபடும். இது விடுபட்டால் ஒருவருக்கும் ஒன்றும் சொல்லத் தேவையில்லை. நான் அதைத்தான் எதிர்பார்த்தேன்.

புதன்கிழமை போனேன். வெயில் ஏறிவிட்டது. ஒழுங்கையில் திரும்பும்போதே சத்தம் கேட்டது. இரும்பு கல்லில் விழுகிற சத்தம். வீட்டுக்குப் பின்பக்கத்தால் வந்தது. ஆரோ வீட்டு வேலை செய்கிறார்கள் என்று நினைத்தேன்.

கிணற்றடியில் தகப்பன் குந்தியிருந்தார். ஒரு கையில் உளி, மற்றக் கையில் சுத்தியல். தலையில் துவாய். கிணற்றைச் சுற்றிச் சீமெந்துத் தரை. அதைச் சொரசொரப்பாகக் கொத்திக்கொண்டிருந்தார். பாசி எல்லாம் ஏற்கெனவே உரஞ்சிக் கழுவியாகிவிட்டது. கால்வாசி முடிந்திருந்தது. வலது உள்ளங்கையில் துணி சுற்றியிருந்தார். துணி சிவந்திருந்தது.

"என்னண்ணை செய்யிறியள்?"

அவர் நிமிரவில்லை. "மாரி முடிஞ்ச நாளிலை இருந்து சொன்னவள் மனிசி. பாசி பிடிச்சிருக்கு, உரஞ்சி விடுங்கோ எண்டு. நான்தான் மிளகாய்ப் பாத்தி, தண்ணி எண்டு திரிஞ்சனான். நாளைக்கு, நாளைக்கு எண்டு விட்டனான்."

"ஓம்."

"உரஞ்சினால் திரும்பியும் பிடிக்கும். கொத்தி விட்டால் பிடிச்சாலும் வழுக்காது."

"கையிலை என்ன?"

"கொப்புளம். பரவாயில்லை." ஒரு கொத்துக் கொத்தினார். "தங்கச்சி, அவளின்ரை கால் சரிவருமோ? இவ்வளவு வளத்துப்போட்டு, நானே நொண்டியாக்கிப்போட்டன்."

நான் பதில் சொல்லாமல் உள்ளே போனேன். சொல்லக்கூடிய பதில் என்னிடம் இருந்தது. அது என்னுடையது அல்ல.

பவானி அறையில் கட்டிலில் கிடந்தாள். யன்னல் கிணற்றடிப் பக்கம். இறுக்கிச் சாத்தியிருந்தது. அந்த வெக்கையில் ஏன் சாத்தியிருக்கிறது என்று நான் கேட்கவில்லை. சத்தம் அப்படியும் கேட்டது.

வீக்கம் நல்லாக வற்றியிருந்தது. முழங்காலை நிமிர்த்திப் பார்த்தேன். அதே இடம். துள்ளியது. கட்டிலின் விளிம்பில் இருத்தி, காலைத் தொங்கவிட்டு, மெல்ல ஆட்டிப் பார்த்தேன். சிலவேளை அப்படி விடுபடும். இது விடுபடவில்லை. இன்னும் கொஞ்சம் பலமாகச் செய்திருக்கலாம். செய்யவில்லை. தானாக வராதது பலத்தால் வந்தால் அது நல்லதுக்கு வராது.

தாயிடமும் மகளிடமும் சொன்னேன், "இது என்ரை கைக்குள்ளை அடங்காது. பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டுபோகவேணும். உள்ளுக்கை என்ன இருக்குதெண்டு எனக்குத் தெரியாது. அங்கத்தை டொக்டர்மாருக்குத் தெரியும்."

"ஆஸ்பத்திரியிலையும் கேப்பினமோ, எப்பிடி நடந்ததெண்டு?" என்று பவானி கேட்டாள்.

"முதல் கேள்வி அதுதான். கிணத்தடி எண்டு சொல்லாதை. காலை ஊண்டித் திரும்பினதைச் சொல்லவேணும். பயமெண்டால் நானும் வாறன். டொக்டருக்குத் தனியச் சொல்லுறன். கொப்பருக்குத் தெரியத் தேவையில்லை."

தாய்க்குப் பெரிய ஆறுதல். "அப்பிடியே செய்வம். நீங்களும் காரிலை வாங்கோ தங்கச்சி."

பவானி யன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். வெளியே உளிச் சத்தம் நின்றது. ஆள் மூச்சு வாங்குகிறார் போலிருக்கிறது. பிறகு திரும்பத் தொடங்கியது.

"நேத்து விடியத் துடங்கினவர் அக்கா," என்றாள். "மத்தியானமும் ஓயேல்லை. முந்தநாள் என்ரை தலைமாட்டிலை வந்து நிண்டவர். பிறகு உளியைத் தேடினவர்."

நான் என் துணிகளை மடித்தேன். தாய், "அது அவர் செய்யட்டும், நல்ல வேலைதானே," என்றா.

"அம்மா, அப்பாவைக் கூப்பிடுங்கோ."

"எதுக்கு?"

"கூப்பிடுங்கோ."

"விசரே உனக்கு? அக்காதான் தனியச் சொல்லுறன் எண்டுறா."

"டொக்டருக்குச் சொல்லுவா. உந்தச் சத்தத்துக்கு ஆர் சொல்லுறது?"

தாய் அசையவில்லை. பவானி எட்டி யன்னல் கொளுக்கியைத் தட்டிவிட்டாள். கதவு திறந்தது. "அப்பா!" என்று கூப்பிட்டாள்.

அவர் ஓடி வந்தார். உளி கையிலேயே இருந்தது. அறை வாசலில் நின்றார். தலையெல்லாம் சீமெந்துத் தூள். "என்ன, நோகுதோ?"

"நான் கிணத்தடியிலை விழேல்லை அப்பா. நெற்போல் விளையாடினனான். ரியூசன் எண்டு சொன்னது பொய். பந்தைப் பிடிச்சுத் திரும்பேக்கை கால் போனது."

அவர் அவளைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். நான் தலையாட்டினேன்.

"கிணத்தடியிலை இல்லையோ?"

"இல்லை."

துணி சுற்றின கையைப் புரட்டிப் பார்த்தார். நான் அந்த நேரத்தில் ஒரு பெரிய சத்தத்துக்கு ஆயத்தமாக நின்றேன். கட்டிலுக்கும் அவருக்கும் நடுவில் கொஞ்சம் நகர்ந்தும் நின்றேன், காலில் ஒன்றும் படக்கூடாது என்று. சத்தம் வரவில்லை. மனிசியைப் பார்த்துக் கேட்டார், "உனக்குத் தெரியுமோ?"

தாய் சீலைத் தலைப்பைப் பிடித்துக்கொண்டு சொன்னா, "பாசி பிடிச்சிருந்தது பொய்யில்லைத்தானே."

அவர் போய்விட்டார். நாங்கள் மூன்று பேரும் இருந்தோம். உளிச் சத்தம் திரும்பத் தொடங்கியது. முந்தியதை விடப் பலமாக, நிறுத்தாமல். பவானி கண்ணை மூடிக்கொண்டாள். தாய் அழுதா. எனக்குச் செய்ய ஒன்றுமில்லை. வேலை முடிந்தது என்று எழும்பிப் போயிருக்கலாம். இருந்தேன். சில நேரம் இருப்பதும் வேலைதான்.

பிறகு சத்தம் நின்றது. வாளி கிணற்றுக்குள் விழுந்தது. தண்ணீர் ஊற்றுகிற சத்தம் கேட்டது. குளித்து, வேட்டி மாற்றிக்கொண்டு வாசலுக்கு வந்தார். மகளைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்து, "பெரியாஸ்பத்திரியோ?" என்றார்.

"ஓம்."

"கார் பிடிச்சுக்கொண்டு வாறன். நீங்களும் வரவேணும்."

"அப்பா, பள்ளிக்கூடம்..." என்றாள் பவானி.

"நிமிராத காலோடை ஆர் பள்ளிக்கூடம் போறது? முதல் கால்." சொல்லிவிட்டுப் போனார்.

ஆஸ்பத்திரியில் டொக்டர் அதே கேள்வியைத்தான் முதல் கேட்டார். பவானி சொல்லத் தொடங்க முன்னம் தகப்பன் சொன்னார். "நெற்போலிலை கால் ஊண்டித் திரும்பினவ. ஊண்டின கால் இதுதான். பிடிச்சால் ஓடக்கூடாதாம்." காரில் வரும்போது மகளிடம் ஒரு வார்த்தை கதைக்காத மனுசன். நான்தான் வழியில் அவருக்கு அந்த விளையாட்டை விளங்கப்படுத்தினேன். அவருக்குப் பாதிதான் விளங்கியது. எனக்கும் அவ்வளவுதான் விளங்கியிருந்தது.

டொக்டர் முழங்காலைப் பிடித்துப் பார்த்தார். அந்தத் துள்ளலை அவரும் பார்த்தார். "ஆராவது இழுத்ததோ?" என்று கேட்டார்.

"இல்லை," என்றேன்.

"நல்லது," என்றார். பிறகு எனக்கு விளங்கச் சொன்னார். இரண்டு எலும்புக்கும் நடுவில் பிறைச் சந்திரன் போல ஒரு சவ்வு இருக்கிறதாம். அது கிழிந்து, ஒரு பக்கம் மடங்கி உள்ளே மாட்டியிருக்கிறது என்றார். அத்தனை வருடம் கையால் தொட்டுத் தொட்டு நான் கண்ட சிரட்டைத் துண்டுக்கு அன்றைக்குத்தான் உருவம் தெரிந்தது. ஒப்பறேசன் செய்து எடுத்தார்கள். கால் நிமிர்ந்தது.

மாப்பிள்ளைப் பகுதியிடம் தகப்பன் தானே போனாராம். அம்மாள் என்றும் சொல்லவில்லை, கிணற்றடி என்றும் சொல்லவில்லை. பிள்ளை பந்து விளையாடிக் கால் மாட்டுப்பட்டிருக்கிறது, ஆஸ்பத்திரியில் நிற்கிறா, வருவதென்றால் பிறகு வாங்கோ என்று சொல்லியிருக்கிறார். அவர்கள் பிறகு வரவில்லை. அது என் வேலைக்குள் அடங்காது.

ஆஸ்பத்திரியால் வந்த பிறகு தொடை மெலிந்துபோயிருந்தது. காலை நீட்டித் தூக்கிப் பழக்க நான் கொஞ்சக் காலம் அவர்களுடைய வீட்டுக்குப் போய்வந்தேன். முதல் தரம் அவள் தன்பாட்டில் காலைத் தூக்கினபோது தகப்பன் வாசலில் நின்றார். "போதும், காணும், களைக்கப்போறா," என்றார். பிறகு பள்ளிக்கூடத்துக்கு அவரே சைக்கிள் கரியரில் ஏற்றிக்கொண்டு போனார். போகலாம் என்று அவர் ஒருநாளும் சொல்லவில்லை. சைக்கிளைத் துடைத்துவிட்டு நிற்பார். அவள் சோதினை எழுதினாள். பந்து விளையாடவில்லை. டொக்டர் வேண்டாம் என்றார். அந்த முழங்கால் மாரிக்கு நோகும் என்று எனக்குத் தெரியும். அவளுக்கும் சொன்னேன்.

பிள்ளைகள், கேட்கச் சொல்லித்தான் தொடங்கினேன். பொய்யை ஒருவர் எங்களுக்கென்று சொல்லுவதில்லை. வேறு ஆருக்கோ சொன்னதை எங்களிடமும் கொண்டுவருவார்கள். அதற்குக் கோபிக்கக்கூடாது. அதை உடைத்து ஊருக்குக் காட்டவும் கூடாது. மூட்டுக்குத் தேவையானதை எடுத்துக்கொண்டு மிச்சத்தை அவர்களிடமே விடவேணும். என்ன செய்யவேணும் என்று அவர்களுக்குத் தெரியும். சில நேரம் கொஞ்சம் பிந்தும்.

கடைசியாக நான் அந்த வீட்டுக்குப் போன நாளில் கால் கழுவக் கிணற்றடிக்குப் போனேன். தரை முழுவதும் கொத்தியிருந்தது. அன்றைக்கு நான் கண்டது கால்வாசி. மிச்சத்தைத் தகப்பன் உண்மை தெரிந்த பிறகுதான் கொத்தியிருக்கிறார். துலாக்கால் வரை, தொட்டி ஓரம் வரை, ஓர் இடம் விடவில்லை. அவர் பக்கத்தில் வெங்காயத்தைப் பிடிபிடியாகக் கட்டிக்கொண்டிருந்தார்.

"பிள்ளை இதிலை விழேல்லைத்தானே அண்ணை," என்றேன். "பிறகேன் முழுக்கக் கொத்தினனீங்கள்?"

"பாசி மெய்தானே," என்றார்.

நான் கால் கழுவினேன். பாசி திரும்பவும் பிடித்திருந்தது. வழுக்கவில்லை.